ஆபரேஷனுக்கு முன் பலூன் கதையைச் சொல்லிவிடுங்கள்

மகளின் மூன்றாவது பிறந்தநாளில் பலூனை வாயில் வைத்து விளையாடினாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துவிட்டது. கேக் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து விட்டுவிட்டோம். அவளுக்குப் பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகுத்தண்டு சரியாக மூடாத குறை. அதற்குள் மூன்று ஆபரேஷன் முடிந்திருந்தது. சிறுநீர் எடுக்கத் தினமும் ரப்பர் டியூப் வேறு.

நாலாவது ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "பலூன் ஊதினா ஏதாவது ஆகுமா?" அப்புறம்தான் பரிசோதனை, லேடெக்ஸ் அலர்ஜி. ரப்பர் பாலில் இருக்கும் புரதம்தான் ஆகவில்லையாம். இவள் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். டாக்டர் சொன்னதும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பலூன், கையுறை பட்டு அரிப்போ தடிப்போ வந்ததா, வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா, இதுவரை எத்தனை ஆபரேஷன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குழந்தைப் பருவத்திலேயே பலமுறை ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கும், சிறுநீர்ப்பாதைக் குறையோடு பிறந்தவர்களுக்கும் இந்த அலர்ஜி வர வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், மயக்கத்தில் இருக்கும் பிள்ளை "மூச்சு முட்டுது" என்று சொல்லாது. உடம்பில் தடிப்பு வந்தாலும் மேலே போர்த்திய துணிக்குள் தெரியாது. டாக்டரின் கையுறை உடம்புக்குள் பட்டு அரை மணி நேரம் கழித்துக்கூட ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம்.

அன்றைக்கு முதல் கேஸாகப் போடச் சொல்லுங்கள். முந்தைய ஆபரேஷன்களின் கையுறைப் பவுடர் ரப்பர் புரதத்தையும் சேர்த்துக் காற்றில் பரப்பும். அமெரிக்கா 2017இல் பவுடர் கையுறைகளைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். கையுறை நைட்ரைல் என்ற லேடெக்ஸ் இல்லாத செயற்கைப் பொருளில், யூரின் டியூப் முழுக்கச் சிலிகானில் இருக்கட்டும். லேடெக்ஸ் மேல் சிலிகான் பூசியதும் உண்டு, கவரைப் படித்துப் பாருங்கள். கையில் கட்டும் ரப்பர் பட்டை, மயக்க மருந்து மாஸ்க், பிளாஸ்டர் எல்லாவற்றையும் பற்றிக் கேளுங்கள். "ஹைப்போஅலர்ஜெனிக்" என்று போட்டிருந்தால் லேடெக்ஸ் இல்லை என்று அர்த்தம் கிடையாது. முன்னாடியே அலர்ஜி மாத்திரை கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரப்பர் படாமல் இருப்பதுதான் வழி.

கேஸ் ஷீட்டில் எழுதியாயிற்றா என்று பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது புது நர்ஸிடம் மறுபடி சொல்லுங்கள். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது, மூன்றாவது ஷிஃப்டில் அது போய்விட்டது.

வார்டுக்குத் திரும்பியதும் பக்கத்துப் படுக்கைப் பையனைப் பார்க்க வந்த மாமா ஒரு கொத்து பலூனோடு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். பாவம், பதறிப்போய் வெளியே கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். அந்தப் பையனுக்கு எங்கள் கலர் பென்சில் டப்பாவைக் கொடுத்துவிட்டேன்.