பழைய டேப்ல வெப்சைட் ஓப்பன் ஆகலையா? தூக்கிப் போடறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு நம்ம பாலக்காடு பார்டர் பக்கம் நிறைய வீட்ல, 2020 ஜூன்ல கேரளா அரசோட விக்டர்ஸ் சேனல்ல ஃபர்ஸ்ட் பெல்னு ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சப்ப பிள்ளைங்களுக்காக வாங்கின சின்ன டேப் ஒண்ணு கிடக்கும். இப்ப அதுல ஏதாவது சைட் போனா வெள்ளையா நிக்குது, இல்ல பாதி பட்டன் வேலை செய்யல, உடனே டேப் போச்சுன்னு அக்ஷயா சென்டருக்கு (அரசு ஆன்லைன் சேவை மையம்) கிளம்பிடறாங்க. டேப்புக்கு ஒண்ணும் ஆகலைங்க, பெரும்பாலும் ப்ரவுசர்தான், அதாவது சைட் திறக்கற குரோம் மாதிரி ஆப்தான் பழசாயிருக்கும்.

முதல்ல செட்டிங்ஸ்ல அபௌட் போயி ஆண்ட்ராய்டு எத்தனைன்னு பாருங்க. 8, இல்ல 9னா குரோம் 138ஓட நின்னுடுச்சு, அடுத்த வெர்ஷன்ல இருந்து ஆண்ட்ராய்டு 10 வேணும். சரி பிரேவ் போடலாம், எட்ஜ் போடலாம்னு தோணும், ஆனா அதுக்கெல்லாம் உள்ள இருந்து பக்கத்தைத் திறந்து காட்டற இன்ஜின் குரோமோடதுதான், அதனால அதுங்களும் இன்னைக்கோ நாளைக்கோ அதே இடத்துல வந்து நிக்கும். பயர்பாக்ஸ் மட்டும் சொந்த இன்ஜின்ல ஓடுது, அதை ப்ளே ஸ்டோர்ல இருந்து போடுங்க, கண்ட இடத்துல இருந்து ஏபிகேன்னு வர்ற ஆப் ஃபைலை இறக்காதீங்க.

சிவப்புல கனெக்ஷன் பிரைவேட் இல்லன்னு வந்தா முதல்ல தேதி சரியா இருக்கான்னு பாருங்க, சார்ஜ் சுத்தமா இறங்கிக் கிடந்த டேப்ல தேதி பழசுக்குப் போயிருக்கும், அதைச் சரி பண்ணினாலே பாதி பேருக்கு தீந்துடும். தேதி சரியா இருந்தும் வருதுன்னா, ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தின டேப்பா இருக்கலாம். ஒவ்வொரு சைட்டும் தான் நிஜம்னு காட்ட ஒரு டிஜிட்டல் சர்டிபிகேட் வச்சிருக்கும், அதை இலவசமா கொடுக்கற லெட்ஸ் என்க்ரிப்ட்கிட்ட வாங்கின சைட் ஏகப்பட்டது இருக்கு, அந்த சர்டிபிகேட்டை நம்பறதுக்கு வேண்டிய புது ரூட் (மூல சர்டிபிகேட்) இந்த டேப்ல கிடையாது, பழைய டேப்புக்காக வச்சிருந்த மாத்து ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30ஓட முடிஞ்சுது. பயர்பாக்ஸ் நம்பகமான சர்டிபிகேட் லிஸ்ட்டை தன் கையிலேயே வச்சிருக்கு, டேப்பைக் கேக்காது, அதனால அந்த டேப்புக்கு கிடைக்கிற கடைசி பயர்பாக்ஸ்லயும் அந்த சைட் திறக்கும்.

அடுத்தது ரேம், அதாவது ஆப் ஓடறதுக்கான மெமரி, இதுதான் பிள்ளைங்களை அழ வைக்கறது. அரசு வேலைக்கான கேரளா பிஎஸ்சியோட துளசி சைட்ல ரிஜிஸ்ட்ரேஷன் மாதிரி நீளமான ஃபார்ம், எல்லாம் அடிச்சு முடிச்சு போட்டோ கேக்கற இடத்துல கேமராவைத் தொட்டா, 1 ஜிபி 2 ஜிபி டேப்ல கேமரா திறக்கறதுக்கு இடம் வேணும்னு சிஸ்டம் ப்ரவுசரை மூடிடுது, போட்டோ எடுத்துட்டு திரும்பி வந்தா பக்கம் மறுபடி லோட் ஆகி எல்லா கட்டமும் காலியா நிக்கும். அதனால போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் முன்னாடியே எடுத்து சைஸ் குறைச்சு வச்சுக்கிட்டு, அப்புறம் ஃபார்ம் திறந்து ஃபைல்ஸ்ல இருந்து எடுங்க. ஓடிபி வந்தா மெசேஜ் ஆப்புக்குள்ள போகாதீங்க, மேல இருந்து நோட்டிபிகேஷனை இழுத்து நம்பரை மட்டும் பாத்துக்குங்க. தொடங்கறதுக்கு முன்னாடி ப்ரவுசர்ல திறந்திருக்கிற மத்த பக்கம், மத்த ஆப் எல்லாத்தையும் மூடிடணும்.

பயர்பாக்ஸ்ல எக்ஸ்டென்ஷன்னு கூடுதல் வசதி போட முடியும், மெனுவுல போயி விளம்பரத்தைத் தடுக்கற யூபிளாக் ஆரிஜின் சேருங்க. விளம்பரம் லோட் ஆகாததால பக்கம் லேசாகும், டேட்டாவும் மிச்சம். பணம் கட்டற பக்கம் சிக்கினா அந்த சைட்டுக்கு மட்டும் ஆஃப் பண்ணிக்கலாம்.

மொபைல் பக்கத்துல மெனுவே காணோம், இல்ல ஆப் டவுன்லோட் பண்ணுன்னு நச்சரிக்குதுன்னா மூணு புள்ளியைத் தொட்டு டெஸ்க்டாப் சைட் டிக் பண்ணுங்க, டேப்பைப் படுக்க வச்சுப் பிடிச்சா எழுத்து படிக்கற அளவுக்கு இருக்கும். சர்டிபிகேட் டவுன்லோட் அமுக்கியும் ஒண்ணும் வரலைன்னா குரோம்ல சைட் செட்டிங்ஸ் உள்ள பாப்அப்பை அனுமதிச்சுட்டு மறுபடி அமுக்குங்க.

தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைங்களுக்கு மலையாளப் பக்கம் புரியலைன்னா குரோம்ல டிரான்ஸ்லேட் கொடுத்து தமிழ் எடுத்துக்கலாம், விஷயம் புரிஞ்சுக்க அது போதும், ஆனா ஃபார்ம் நிரப்பறப்ப மறக்காம ஒரிஜினலுக்கு மாத்திடுங்க, ஊர்ப் பேரு தாலுகா பேரெல்லாம் அது தப்பா மாத்தி வைக்கும்.

பேங்க் வேலை மட்டும் இந்த டேப்ல வேண்டாங்க, ப்ரவுசரை மாத்தினாலும் அடியில இருக்கிற ஆண்ட்ராய்டுக்கு செக்யூரிட்டி அப்டேட் நின்னு போயிருக்கும், அதை அப்டேட் வர்ற போன்ல பண்ணிக்குங்க.