வீட்டிலேயே பில்டாங்: பெட்டி செய்வதிலிருந்து துண்டு போடுவது வரை

தென்னாப்பிரிக்காவில் ரக்பி மேட்ச் பார்க்க உட்காருகிறவர்கள் பக்கத்தில் ஒரு பழுப்புக் காகிதப் பை இருக்கும். உள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிசாகச் சீவிய இறைச்சி, மல்லி வாசனை தூக்கலாக. அதுதான் பில்டாங். மாட்டுத் தொடைக்கறியை வினிகர், உப்பு, மல்லி, மிளகில் ஊறவைத்துக் காற்றில் உலர்த்தியது. வேகவைப்பது கிடையாது, புகை போடுவது கிடையாது, வெயிலிலும் காயப்போடுவதில்லை.

1652-ல் டச்சுக்காரர்கள் கேப் பகுதியில் குடியேறுவதற்கு முன்பே அங்கிருந்த கோய்கோய் மக்கள் இறைச்சியை உலர்த்தி வைத்துச் சாப்பிட்டார்கள். வினிகரும் கிழக்கிலிருந்து கப்பலில் வந்த மசாலாவும் பிறகு சேர்ந்தன. 1830-களில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்குக் கிளம்பிய போயர்களுக்கு (டச்சு வழிவந்த குடியேறிகள்) இதுவே கட்டுச்சாதம்.

நம்மூர் உப்புக்கண்டம் ஞாபகத்துக்கு வரும். இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உப்புக்கண்டத்தை எண்ணெயில் பொரித்தோ குழம்பில் போட்டோதான் சாப்பிடுகிறோம். கொடியில் தொங்கியபோது ஏதாவது கிருமி ஒட்டியிருந்தாலும் வாணலி பார்த்துக்கொள்ளும். பில்டாங்குக்கு வாணலியே இல்லை, அப்படியே வாயில் போடுவதுதான். அதனால் கீழே சுத்தம், உப்பு அளவு, குளிர்ச்சி என்று நான் எங்கே கறாராகப் பேசினாலும் அதைத் தளர்த்தாதீர்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் செய்த பில்டாங்கைத் தவிர்ப்பதே நல்லது.

பெட்டி எதற்கு?

ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். மழை கிடையாது, காற்று வறண்டு கிடக்கும். அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் இறைச்சியைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டாலே உலர்ந்துவிடும். டர்பன் மாதிரி கடலோர ஊரில் அது நடக்காது, பூஞ்சைதான் பிடிக்கும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதே கதை. அதனால்தான் பல்பும் ஃபேனும் வைத்த உலர்த்தும் பெட்டி.

பெட்டிக்குள் இருக்கும் பல்பு இறைச்சியைச் சுடுவதற்கு என்றுதான் புதிதாகச் செய்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் வேலை காற்றின் ஈரப்பதத்தைக் குறைப்பது. 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரைக்கூட வெளியேற்றாமலே ஈரப்பதம் 60 சதவீதமாக இறங்கிவிடும். அந்தக் காற்று இறைச்சியிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும்; மேலே உள்ள ஃபேன் அதை வெளியே தள்ளும். பெட்டியின் வித்தை அவ்வளவுதான்.

பெட்டி செய்வது

மூடியுள்ள 60 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுத்து, அதை நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். மூடி இப்போது கதவாகிவிட்டது. மரப்பெட்டி அமைந்தால் இன்னும் நல்லது. அட்டைப்பெட்டியில் செய்கிறவர்களும் உண்டு. பல்பு, அட்டை, சொட்டும் கொழுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடிப்பக்கச் சுவர்களில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஆறு துளைகள் போடுங்கள். உச்சியில் வட்டமாக வெட்டி, பழைய கம்ப்யூட்டரின் 120 மில்லிமீட்டர் ஃபேனைக் காற்று வெளியே போகும்படி திருகுங்கள். 12 வோல்ட் அடாப்டர் போதும். எல்லாத் துளைக்கும் உள்பக்கம் கொசுவலை ஒட்டுவது கட்டாயம். ஒரே ஒரு ஈ உள்ளே நுழைந்தாலும் மொத்தமும் குப்பைக்குத்தான்.

கீழே பீங்கான் ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு. எல்இடி வேண்டாம், அதில் தேவையான சூடு வராது. பல்பைச் சுற்றித் துளையிட்ட தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் சொட்டு விழுந்து கண்ணாடி வெடிக்காது. பிளாஸ்டிக் சுவரிலிருந்து பல்பு ஒரு சாணாவது தள்ளியிருக்கட்டும். மேல்பகுதியில் குறுக்கே இரண்டு மூன்று மரக்குச்சிகள், அவற்றில் மாட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எஸ் கொக்கிகள்.

இறைச்சி வாங்குவதற்கு முன் பெட்டியை ஒரு நாள் வெறுமனே ஓடவிட்டு, வெப்பமானியோடு ஓர் ஈரப்பதமானியையும் உள்ளே வையுங்கள். 25-லிருந்து 33 டிகிரிக்குள், ஈரப்பதம் 60-க்குக் கீழே என்றால் சரி. 35-ஐத் தாண்டினால் பல்பை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டுங்கள். சித்திரை வெயிலில் பல்புக்கு வேலையே இருக்காது. அந்த மாதங்களில் ஏசி அறையில் வைத்து வெறும் ஃபேனில் உலர்த்துவதுதான் என் சிபாரிசு.

இறைச்சி

பின்தொடைச் சதைதான் வேண்டும். கறிக்கடையில் கொழுப்பும் சவ்வும் குறைந்த, முழுத்துண்டான தொடைக்கறி என்று கேளுங்கள். அன்றைக்கு வெட்டியதாக இருக்கட்டும். வாங்கியதும் நேராக ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். தென்னாப்பிரிக்காவில் கூடு என்கிற காட்டு மான், ஸ்பிரிங்பாக் என்கிற சிறு மான், நெருப்புக்கோழி ஆகியவற்றிலும் செய்வார்கள். பன்றி, கோழி இரண்டையும் வீட்டில் இந்த முறையில் செய்யவே வேண்டாம்.

மாட்டிறைச்சியில் நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள் இருக்க வாய்ப்புண்டு. மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் பத்து நாள் வைத்தால் அவை செத்துவிடும். ஆனால் பாக்டீரியா உறைநிலையில் சாகாது. ஃப்ரீசரில் வைத்தோமே என்று மற்றதில் அசட்டையாக இருக்கக் கூடாது. உறைந்ததை ஃபிரிட்ஜுக்குள்ளேயே இளக வையுங்கள், சமையல் மேடையில் வேண்டாம்.

பாதி உறைந்த நிலையில் வெட்டினால் கத்தி சொன்னபடி கேட்கும். நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில், இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் கனம், ஒரு சாண் நீளம். முதல்தடவை செய்கிறவர்கள் இரண்டு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊறவைப்பது

இரண்டு கிலோ இறைச்சிக்கு: கல்லுப்பு 50 கிராம், முழு மல்லி 40 கிராம், மிளகு 10 கிராம், நாட்டுச்சர்க்கரை 20 கிராம், வினிகர் 120 மில்லி. காரம் வேண்டுமானால் மிளகாய்த்தூள் சேர்க்கலாம். அங்கேயும் மிளகாய் போட்ட பில்டாங் கடைகளில் நன்றாகவே ஓடுகிறது. உப்பை மட்டும் கைப்பிடிக் கணக்கில் போடாதீர்கள். எடையில் இரண்டரை சதவீதம், டிஜிட்டல் தராசில்.

மல்லியை வெறும் வாணலியில் மெல்லிய தீயில் வறுங்கள். பச்சை வாசனை போய், ஒன்றிரண்டு மணிகள் வெடித்து, நிறம் லேசாக மாறும்போது இறக்கிவிட வேண்டும். கருகினால் கசப்பு கடைசிவரை போகாது. ஆறியதும் இடிகல்லில் போட்டு ஒன்றும் பாதியுமாகத் தட்டுங்கள். மிக்ஸியில் அடித்துப் பொடியாக்கினால் ரசப்பொடி மாதிரி இறைச்சி மேல் அப்பிக்கொள்ளும். கடிக்கும்போது உடைந்த மல்லி பல்லில் பட வேண்டும், பில்டாங்கின் ருசியே அதில்தான் இருக்கிறது.

முதலில் வினிகரை எல்லாத் துண்டிலும் படும்படி புரட்டிவிட்டு, பிறகு உப்பும் மசாலாவும் தேய்த்து, கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி மூடி, நான்கு டிகிரிக்கு மேல் போகாத ஃபிரிட்ஜில் ஓர் இரவு முழுக்க வையுங்கள். இடையில் ஒருமுறை மேல் கீழாக மாற்றிவிடுங்கள். பழைய குறிப்புகளில் வெடியுப்பும் இருக்கும். அளவு பிசகினால் அது நஞ்சு, தொடக்கத்தில் அதன் பக்கமே போகாதீர்கள்.

தொங்கவிடுவது

சாற்றை வடியவிட்டு, ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு, எடையை ஒரு சீட்டில் எழுதிக் கொக்கியில் மாட்டுங்கள். ஒன்றோடொன்று உரசக் கூடாது. இரண்டு துண்டு ஒட்டிக்கொண்ட இடத்தில்தான் பூஞ்சை முதலில் வரும். அடியில் பல்புக்கு மேலே ஒரு தட்டு வைத்தால் சொட்டுவதைப் பிடித்துக்கொள்ளும், காற்று போக ஓரத்தில் இடம் விட்டால் போதும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் ஒன்றும் செய்யாது. முதல் நாளில், துண்டுகள் இன்னும் ஈரமாக இருக்கும்போது அதற்கு மேல் போனால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.

மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். நாளை எண்ணுவதைவிட எடையைப் பார்ப்பதே நம்பகமான வழி. பச்சை இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். 300 கிராம் துண்டில் 225 கிராம் நீர் என்றால், அது பாதி எடைக்கு வரும்போது மிஞ்சுவது 75 கிராம்தான். உப்போ வெளியே போவதில்லை. தொடக்கத்தில் இறைச்சி நீரில் மூன்று சதவீதம் சொச்சமாக இருந்த உப்பு, முடிவில் ஒன்பது சதவீதத்தைத் தொடும். பில்டாங் கெடாமல் இருப்பது இந்தக் கணக்கால்தான். தென்னாப்பிரிக்கர்களில் பலருக்கு நடுவில் ஈரப்பசை உள்ளது பிடிக்கும், 40 சதவீதம் குறைந்ததுமே இறக்கிவிடுவார்கள். உங்கள் முதல் தொகுதியைப் பாதி எடைவரை விடுங்கள்.

சந்தேகம் வரும் இடங்கள்

வெளியே மரக்கட்டை மாதிரி இறுகி, உள்ளே கொழகொழவென்று இருந்தால் சூடோ காற்றோ அதிகம். மேல்தோல் சட்டென்று மூடிக்கொண்டதால் உள் நீர் வெளியே வர வழியில்லை. அதில் புளித்த வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். அடுத்த தடவை பல்பை 25 வாட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

மேலே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் விரலால் தேயுங்கள். நறநறவென்று மணலாக இருந்தால் உப்புப் பூத்திருக்கிறது, பரவாயில்லை. பஞ்சு மாதிரி மயிர் மயிராக இருந்தாலோ, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தாலோ பூஞ்சை. வினிகரில் துடைத்துவிட்டுத் தொங்கவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை, குப்பைத்தொட்டிதான்.

துண்டு போடுவது, சேமிப்பது

நாருக்குக் குறுக்கே, எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாகச் சீவுங்கள். நார்ப்போக்கிலேயே வெட்டினால் தாடை வலிக்கும். காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். பிளாஸ்டிக்கில் அடைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அதிகம் செய்திருந்தால் முழுத்துண்டாகவே ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது எடுத்துச் சீவலாம்.

சீவச் சீவ மிஞ்சும் காய்ந்த நுனிகளை எறியாதீர்கள். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் தவிட்டு நிறத்தில் பஞ்சுபோல் பொடி வரும். தென்னாப்பிரிக்கக் கடைகளில் இந்தப் பொடியைத் தனியாகவே விற்கிறார்கள். வெண்ணெய் தடவிய ரொட்டியில் அதைத் தூவிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். சூடான தோசையில் முட்டை ஊற்றியதும் மேலே தூவிப் பாருங்கள், தோசைக்கு வேறு உப்பே வேண்டாம்.