பொங்கல் அட்டையும் மொய்க் கவரும்: கைவினைப் பொருள்களில் நீர்வண்ணத்தைப் பயன்படுத்தும் முறை

நீர்வண்ணத்தில் ஓவியம் தீட்டுவது வேறு. அதே வண்ணத்தைக் கொண்டு வாழ்த்து அட்டையோ மொய்க் கவரோ புத்தகக் குறியோ செய்வது வேறு. ஓவியம் சட்டமிட்ட கண்ணாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். கைவினைப் பொருள் மடிக்கப்படும், ஒட்டப்படும், வியர்த்த விரல்களால் பிடிக்கப்படும், கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டு வந்த ஈரக் கையாலும் வாங்கப்படும். நீர்வண்ணத்தில் நிறத்தூளைப் பிணைத்திருப்பது வேல மர இனத்திலிருந்து எடுக்கப்படும் ஒருவகைப் பிசின்; அது நீரில் கரையக்கூடியது என்பதால், காய்ந்து ஓர் ஆண்டு ஆன வண்ணம்கூட ஈரம் பட்டால் இளகும். ஆகவே கைவினைக்காக நீர்வண்ணம் பழகுபவர் பூசும் முறையை மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. எந்தக் காகிதத்தில் பூசுவது, எப்போது வெட்டுவது, எதைக் கொண்டு ஒட்டுவது, கடைசியில் எப்படிக் காப்பது என்பவற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

வண்ணத்தில் சிக்கனம் பார்க்கலாம், காகிதத்தில் பார்க்கக் கூடாது. ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) எடை கொண்டது, ஈரத் தூரிகை பட்ட உடனே அது அலை அலையாக நெளிந்து, பள்ளங்களில் வண்ணம் தேங்கிவிடும். வாழ்த்து அட்டைக்கும் புத்தகக் குறிக்கும் 300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணத் தாளே ஏற்றது. கடைகளில் ‘கோல்டு பிரஸ்’ என்று விற்கப்படும், சற்றே சொரசொரப்பான தாள் தொடக்கத்தில் நன்கு கைகொடுக்கும். ‘ஹாட் பிரஸ்’ என்னும் வழுவழுப்பான தாளில் எழுத்து அழகாக வரும், ஆனால் அதில் வண்ணக் கலவையைக் கட்டுப்படுத்தப் பழக்கம் தேவை. முழுப் பருத்தித் தாள் ஈரத்தை நெடுநேரம் வைத்திருப்பதால் நிறங்கள் ஒன்றோடொன்று மென்மையாகக் கலக்கும். விலை அதிகம் என்பதால் பழகும்போது மரக்கூழ்த் தாளையும் விற்பனைக்கோ பரிசளிக்கவோ செய்யும்போது பருத்தித் தாளையும் பயன்படுத்தலாம்.

கையால் செய்த காகிதம் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிக் காகிதம் செய்து வருகிறது. அத்தகைய காகிதத்தின் ஒழுங்கற்ற ஓரம் ஓர் அட்டைக்குத் தரும் அழகை எந்தக் கத்தரியாலும் தர முடியாது. ஆனால் கையால் செய்த காகிதம் எல்லாமே நீர்வண்ணத்துக்கு ஏற்றதல்ல. நீரை உடனே உறிஞ்சாமல் தடுக்கும் பசைச் சேர்மானம் சில வகைகளில் குறைவாக இருக்கும். வாங்கும் முன் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு சிறிது நேரமாவது உருண்டு நின்றால் வாங்கலாம். உடனே உள்ளிறங்கிக் கறைபோலப் பரவினால் அதில் பூசும் வண்ணமும் அப்படியே மங்கிப் பரவும். அதைப் பரிசு சுற்றவோ அட்டையின் உட்பக்கமாக ஒட்டவோ வைத்துக்கொள்ளலாம்.

வண்ணங்களில் ஐந்து போதும்: ஒரு மஞ்சள், ஒரு குளிர்ச்சியான (நீலச் சாயல் கொண்ட) சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், தேலோ நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்மண் நிறம். எழுதுபொருள் கடைகளில் வாட்டர்கலர் கேட்டால் போஸ்டர் கலரை எடுத்துத் தருவதும் உண்டு. அது ஒளி ஊடுருவாத வேறு வகை வண்ணம், இங்கே சொல்லப்படும் முறைகள் பலவும் அதில் பலிக்காது. இரண்டு நீலங்கள் எதற்கு என்று தோன்றலாம். அல்ட்ராமரைனின் துகள்கள் காகிதத்தின் குழிகளில் தங்கி மணல் தூவியதுபோன்ற பரப்பைத் தரும்; ஈரத் தூரிகையால் ஒற்றியெடுத்தால் ஓரளவு வெளியே வரும். தேலோ நீலம் இழைகளுக்குள் ஏறிக் கறையாக நிலைத்துவிடும், பின்னர் எடுக்க வராது. மேகத்தை ஒற்றியெடுக்க வேண்டிய வானத்துக்கு முன்னதும், மேலே இன்னொரு பூச்சு வரப்போகும் அடிப்பரப்புக்குப் பின்னதும் பொருந்தும். தூரிகைகளில் 6, 10 எண் கொண்ட உருண்டைத் தூரிகைகள் இரண்டும், ஓர் அங்குலப் பட்டைத் தூரிகை ஒன்றும், இரண்டு டம்ளர் தண்ணீரும் போதும். ஒரு டம்ளர் கழுவ, மற்றது கலக்க.

இனி ஈரம். நீர்வண்ணத்தின் பெரும்பாலான உத்திகள், காகிதத்தின் ஈரம் எந்த நிலையில் இருக்கும்போது எதைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தவை. தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தால் நிலை தெரியும். நீர் குட்டையாக ஓடினால் வண்ணம் விட்டாலும் கட்டுக்கடங்காது. நீர் ஓடாமல், பரப்பு முழுதும் ஒரே சீராகப் பளபளக்கும்போது இரண்டாவது நிறத்தைத் தொட்டு வைத்தால் அது இழையிழையாக விரியும். ஈரத்தின் மேல் ஈரம் என்னும் முறைக்கு இதுவே வேளை. பளபளப்பு மங்கத் தொடங்கும் நொடியில் தாள் ஆபத்தான நிலைக்கு வருகிறது. அப்போது நீர் மிகுந்த தூரிகையை வைத்தால், புதிய நீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோசு விரிந்ததுபோன்ற பற்கள் கொண்ட விளிம்பை உண்டாக்கும். ஓவியர்கள் இதைக் குறை என்பார்கள். புத்தகக் குறிக்கோ பரிசுச் சீட்டுக்கோ இதை வேண்டுமென்றே வரவழைப்பது நல்ல அலங்காரம் என்பது என் கருத்து. முழுதும் காய்ந்துவிட்டதா என்பதைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பொங்கல் அட்டைகள் பெரும்பாலும் மார்கழியில் செய்யப்படுபவை. வடகிழக்குப் பருவமழையின் ஈரப்பதம் அப்போதும் விட்டுப்போயிருக்காது என்பதால், கடிகாரத்தை நம்பாமல் கண்ணையும் புறங்கையையும் நம்புவதே சரி.

கைவினைக்கு மட்டுமே உரிய வசதி ஒன்று உண்டு: படத்தைத் திட்டமிட வேண்டியதில்லை, பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஓர் ஏ4 தாளை நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, முழுவதும் நனைத்து, இரண்டு அல்லது மூன்று நிறங்களை விட்டுப் பலகையை அப்படியும் இப்படியும் சாய்க்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கலந்தால் ஆரஞ்சு வரும், நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை வரும்; மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் சேற்று நிறம்தான் மிஞ்சும் என்பதால், அண்டை அயலில் வரும் நிறங்களை முன்பே யோசித்து வைக்க வேண்டும். காய்ந்தபின் வண்ணம் சற்று வெளுக்கும். ஆகவே ஈரத்தில் கொஞ்சம் கூடுதல் அழுத்தமாகத் தெரிந்தால்தான் முடிவில் அளவாக இருக்கும். தாள் காய்ந்ததும், பழைய அட்டை ஒன்றில் 5 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவில் சன்னல்போல வெட்டியெடுத்து, அதைத் தாளின் மேல் நகர்த்திப் பார்க்கலாம். எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே பென்சிலால் குறித்து வெட்டினால் புத்தகக் குறி தயார். மிச்சத் துண்டுகளில் தாம்பூலப் பைக்கான சீட்டுகள் கிடைக்கும்.

பொங்கல் அட்டைக்கு வருவோம். செம்மண் பூசிய வாசலில் வெள்ளைக் கோலம் என்பதைக் காகிதத்தில் கொண்டுவர மெழுகுத் தடுப்பு முறையே மிகப் பொருத்தமானது. ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஏ6 அளவில், அதாவது 105க்கு 148 மி.மீ. முகப்பு கிடைக்கும். நேர்ப்புள்ளி 5 வைத்து இருபுறமும் 3, 1 என்று முடித்தால் மொத்தம் 13 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி ஒன்றரை செ.மீ. விட்டால், சுற்றிவரும் சிக்குக் கோடுகளுடன் சேர்த்துக் கோலம் முகப்புக்குள் அடங்கும். கோலத்தை வேறொரு தாளில் கறுப்பு மையால் போட்டு, அதன் மேல் அட்டைத் தாளை வைத்து, பகல் வெளிச்சம் வரும் சன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பென்சிலால் நகலெடுக்கக் கூடாது. மெழுகுக்கு அடியில் சிக்கிய பென்சில் கோட்டைப் பிறகு அழிக்க இயலாது. கூராகச் சீவிய வெள்ளைக் கிரேயானால் நேரடியாகவே அழுத்தி வரைய வேண்டும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு தெரியாது என்பதால், அவ்வப்போது தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்து மெழுகின் மினுமினுப்பைப் பார்த்து விடுபட்ட இடங்களை நிரப்ப வேண்டும். மெழுகுவர்த்தியாலும் வரையலாம், ஆனால் கோடு தடித்துப்போகும். சிக்குக் கோலத்துக்கு அது ஆகாது.

அடுத்து, பர்ன்ட் சியன்னாவில் சிறிது சிவப்பைக் கலந்து, தேவைக்கு மேலாகவே ஒரு கிண்ணத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் அதே நிறம் வராது. பலகையைச் சற்றே சாய்த்து, பட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு இழுப்பின் அடியில் திரண்டு நிற்கும் நீரை அடுத்த இழுப்பு தொட்டெடுக்குமாறு பூசிக்கொண்டே வந்தால் பட்டை விழாது. பூசிய இடத்துக்குத் திரும்பப் போகக் கூடாது. தூரிகை கடந்ததும் வண்ணம் மெழுகை விட்டு விலக, கோலம் ஒவ்வொரு வளைவாக வெளுத்து எழும்பும். மெழுகின் மேல் சிறு சிறு முத்துகளாக நிற்கும் வண்ணத் துளிகளை அப்படியே விட்டால் காய்ந்து புள்ளிப் புள்ளியாகத் தங்கிவிடும்; டிஷ்யூ காகிதத்தின் நுனியை முறுக்கித் துளிகளை மட்டும் ஒற்றியெடுத்தால் கோடு சுத்தமாகத் தெரியும். மண்தரையின் தோற்றம் வேண்டுமென்றால் ஓரிரு துளிகளை விடுவதில் தவறில்லை.

நூலைவிடச் சற்றே தடித்த மெல்லிய கோடு வேண்டுவோர், மாஸ்கிங் திரவம் என்னும் ரப்பர் பால் சார்ந்த திரவத்தைப் பயன்படுத்தலாம். அதை நல்ல தூரிகையால் தொட்டால் மயிர்க்கற்றை ஒட்டிக்கொண்டு பாழாகும். பல்குத்தும் குச்சியோ பழைய மைத்தொட்டுப் பேனாவோ போதும். வண்ணம் எலும்புபோலக் காய்ந்த பின்னரே விரல் நுனியால் தேய்த்து உரித்தெடுக்க வேண்டும். ஹேர் டிரையரால் சூடேற்றினால் அது காகிதத்தோடு இறுகிவிடும். கிரேயான் அட்டையையும் சூடேற்றாமல் இருப்பதே நல்லது. மெழுகு இளகி விளிம்பு மங்கும்.

உப்புத் தூவும் முறை பலருக்கும் பிடித்தமானது. பளபளப்பு மங்கப்போகும் வேளையில் சமையல் உப்பைக் கொஞ்சமாகத் தூவினால், ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுத்து நட்சத்திரம்போன்ற வெளிறிய வடிவத்தை விட்டுச்செல்லும். நன்கு காய்ந்தபின் உதிர்த்துவிட வேண்டும். ஆயினும் உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. கடலோர ஊர்களில் அதன் மிச்சம் தாளை நமுத்துப்போகச் செய்யும் என்பதால், புத்தகத்துக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் குறிகளுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பரிசுச் சீட்டுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

மொய்க் கவருக்குக் கணக்கு வேறு. 300 ஜி.எஸ்.எம். தாள் மடிப்பில் வெடிக்கும், கவரும் முரடாக இருக்கும். 120 முதல் 150 ஜி.எஸ்.எம். தாளே ஏற்றது. அந்தத் தாள் மிகுந்த ஈரத்தைத் தாங்காது என்பதால், முழுப் பூச்சு பூசாமல், தூரிகையிலிருந்து நீரைத் துணியில் ஒற்றிவிட்டு உலர்ந்த நுனியால் இழுக்கும் முறையில் ஒரு மூலையில் மாவிலைத் தோரணமோ வாழைக்கன்றோ தீட்டுவது பாதுகாப்பானது. பழைய கவர் ஒன்றை ஒட்டுப் பிரித்து விரித்தால் அதுவே அளவுத்தாள். 500 ரூபாய் நோட்டு 66க்கு 150 மி.மீ.; ஆகவே உள்ளளவு 17க்கு 8.5 செ.மீ. இருந்தால் எந்த நோட்டையும் மடிக்காமல் வைக்கலாம். தாளை இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த இழைப்போக்குக்கு இணையாகவே நீண்ட மடிப்புகள் வரவேண்டும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேலோடு ஒட்டி இழுத்துப் பள்ளம் போட்டபின் மடித்தால் வண்ணம் உதிராது.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையை நாடுவது நம் வழக்கம். அதில் நீர் உண்டு. தாள் நெளியும், வண்ணத்தின் மேல் வழிந்தால் கறையும் ஆகும். இருபக்க டேப் சற்றுச் செலவானாலும் அதுவே சிறந்தது. ஒரு ரூபாய் நாணயத்தையும் அதைக் கொண்டே ஒட்டலாம். பெயரும் வாழ்த்தும் எழுத, நீரில் கரையாத நிறமி மை கொண்ட பேனா வேண்டும். சாதாரண ஜெல் பேனாவின் மை ஈரத்தில் கசியக்கூடும்.

நெளிந்த அட்டைகளைத் தட்டையாக்க, வண்ணப் பக்கத்தைச் சுத்தமான தாளின் மேல் கவிழ்த்து, பின்புறத்தில் தண்ணீரை மிக இலேசாகத் தெளித்து, மேலே இன்னொரு தாளிட்டு, கனமான புத்தகங்களை ஓர் இரவு ஏற்றி வைத்தால் போதும். இது காப்புப் பூச்சுக்கு முன் செய்ய வேண்டிய வேலை.

காப்புப் பூச்சு எல்லாவற்றுக்கும் தேவையில்லை. வாழ்த்து அட்டைக்கு விட்டுவிடலாம்; புத்தகக் குறிக்கும் மொய்க் கவருக்கும் தேவை. தூரிகையால் வார்னிஷ் பூசினால் அடியிலுள்ள வண்ணம் இழுபடும். ஆகவே அக்ரிலிக் ஸ்ப்ரே வார்னிஷைச் சுமார் 30 செ.மீ. தொலைவிலிருந்து, மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடிக்க வேண்டும். மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ, அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில் செய்ய வேண்டும். மழை நாளில் அடித்தால் காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெண்ணிறப் புகைபோலப் படியும். லேமினேஷன் செய்வது மலிவான வழிதான். ஆனால் சொரசொரப்பான தாளில் குழிகளுக்குள் காற்று அகப்பட்டு வெள்ளிப் புள்ளிகள் தோன்றும், காகிதத்தைத் தொடும் சுகமும் போய்விடும்.

மரப் பெட்டியிலோ மர மணிகளிலோ இதே வண்ணத்தைப் பூச விரும்புவோர், உப்புத்தாளால் தேய்த்தபின் ‘வாட்டர்கலர் கிரவுண்ட்’ என்னும் அடிப்பூச்சைப் பூசி, குறைந்தது ஒரு நாள் காயவிட்டு, பிறகே தொடங்க வேண்டும். அது மரத்துக்குக் காகிதத்தின் உறிஞ்சும் தன்மையைத் தருகிறது.

சுவரில் தொங்கவிடும் பொருள்களுக்கு மட்டும் இன்னொரு சோதனை அவசியம். பழைய அலிசரின் கிரிம்சன் போன்ற சில சிவப்புகளும் பளீரென்ற இளஞ்சிவப்புகளும் வெயிலில் வெளுத்துவிடும். நிறங்களை ஒரு நீளத் துண்டில் பூசி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் சில வாரங்கள் வைத்தால், எதை நம்பலாம் என்பது தெரிந்துவிடும். முடித்த அட்டைகளை அடுக்கும்போது நடுவே பட்டர் பேப்பர் இடுவதும், ஈரம் முழுதும் போகும்வரை பிளாஸ்டிக் உறையில் இடாமல் இருப்பதும் நல்லது. அடைபட்ட ஈரத்தில் பூஞ்சைப் புள்ளிகள் வந்தால் அவற்றைப் போக்க வழியில்லை.