மாவு மில் வி-பெல்ட்டை மாட்டும் முறை

மில் மோட்டாரில் ஓடும் கறுப்பு வி-பெல்ட்டின் மேல் சுற்றியிருப்பது ரப்பர் ஊட்டிய பருத்தித் துணி. உள்ளே பாலியஸ்டர் நூல்கள் இழுவையைத் தாங்குகின்றன. வெளித்துணி தேய்மானத்தைத் தாங்கும். இயந்திரம் திடீரென்று அடைத்துக்கொண்டால் பெல்ட் சற்று வழுக்கிக் கொடுக்கும், மோட்டார் தப்பும்.

புதுப் பெல்ட் வாங்க, பழையதன் முதுகில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பி 74 என்றால் மேல் அகலம் 17 மி.மீ., கனம் 11 மி.மீ., உள்சுற்று 74 அங்குலம். ஏ ரகம் 13க்கு 8, சி ரகம் 22க்கு 14. எண் அழிந்திருந்தால் கணக்குப் போடலாம். மோட்டார் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) விட்டம் 150, மில் புல்லியின் விட்டம் 300, இரண்டு தண்டுகளின் மையங்களுக்கு இடையே 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மைய தூரத்தின் இருமடங்கு 1200. விட்டங்களின் கூட்டுத்தொகை 450, அதை 1.57ஆல் பெருக்கினால் 706. விட்ட வித்தியாசம் 150. அதன் வர்க்கத்தை மைய தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 9. மொத்தம் 1915. இது பெல்ட்டின் கனத்துக்கு இடையே ஓடும் சுற்று, உள்சுற்று அல்ல. பி ரகத்துக்கு இதில் 43 கழித்தால் உள்சுற்று 1872 மி.மீ. வருகிறது. அங்குலத்தில் சுமார் 74, அதாவது பி 74.

மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைக் கையோடு கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி மோட்டாரை மில் பக்கம் நன்றாகத் தள்ளிய பிறகுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றுவது பலருக்குப் பழக்கம். அப்போது உள்ளே நூல் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும்போது அந்தப் பெல்ட் குப்புறப் புரண்டு காடியை (புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளம்) விட்டு வெளியே வந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

மாட்டுவதற்கு முன் புல்லியைப் பாருங்கள். வி-பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்கும். அடியில் உட்காரக் கூடாது. காடியின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினால், சுவர் தேய்ந்து பெல்ட் அடியில் உரசுகிறது என்று பொருள். சுவருக்கும் புதுப் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி தெரிந்தாலே புல்லியை மாற்றிவிடுங்கள். தேய்ந்த புல்லியில் போடும் புதுப் பெல்ட்டுக்கு ஆயுள் குறைவு.

இரண்டு, மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதியது தனியாகச் சுமையைத் தாங்கிச் சீக்கிரம் அறும்.

இரண்டு புல்லிகளும் ஒரே தடிமனாக இருந்தால், அவற்றின் முகத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு புல்லியின் இரு விளிம்புகளிலும், ஆக நான்கு இடங்களிலும் நூல் தொட வேண்டும். கோணல் இருந்தால் பெல்ட்டின் ஒரு பக்கத் துணி மட்டும் உரியும்.

அடுத்து இறுக்கம். இரு புல்லிகளுக்கும் நடுவே பெல்ட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி, பெல்ட்டுக்குக் குறுக்காக இழுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 16 மி.மீ. என்ற கணக்கில், மேலே கணக்குப் போட்ட 600 மி.மீ. மில்லில் சுமார் 9.5 மி.மீ. வளைய வேண்டும். இந்த அளவு புல்லியில் ஒரு பி பெல்ட்டுக்கு அதற்குச் சுமார் 3 முதல் 4 கிலோ இழுவை போதும். குறைந்தால், கிளப்பும்போது கிறீச்சிடும், பக்கங்கள் கருகி மெருகேறும். கூடினால் பேரிங் சூடாகும். மோட்டார் தண்டே வளையக்கூடும். புதுப் பெல்ட் காடியில் படிந்து சற்றே தளரும் என்பதால், ஒரு நாள் ஓட்டிய பிறகு மறுபடி அளந்து இறுக்குங்கள்.

வழுக்குகிறது என்று குங்கிலியப் பொடி தூவுகிறவர்கள் உண்டு. கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு மாவோடு சேர்ந்து பிசினாகி, துணியையே பெயர்த்துவிடும். எண்ணெய் பட்டாலும் ரப்பர் ஊதும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். ஸ்டாக் பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மடிப்பு விழும். அகலமான மரக்கட்டையில், வெயில் படாமல் தொங்கவிடுங்கள்.