நம்ம எம்பி டெல்லியில என்ன பண்றார்னு ஃபோன்லயே பாக்குறது எப்படி

கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு ஈரப்பதம் அவங்க வாங்குற அளவான 17 சதவீதத்துக்கு இறங்குமா இறங்காதான்னு ராத்திரியெல்லாம் தார்பாயைப் போட்டுப் போட்டு எடுத்தவங்களுக்குத் தெரியும், அந்த நேரத்துல பேச்சு எப்பிடியும் எம்பிகிட்ட வந்து நிக்கும். "அந்தாளு அங்க போயி என்னதான் பண்றாரு"ன்னு ஒருத்தர் கேப்பாரு, "ஏசியில தூங்குறாரு"ன்னு இன்னொருத்தர் சொல்வாரு, சிரிச்சுட்டு டீ குடிக்கப் போயிருவோம். நானும் அப்பிடித்தான் இருந்தேன், ஒருநாள் நெஜமாவே பாத்துருவோம்னு உக்காந்தேன், ஒரு மணி நேரம்கூட ஆகல.

மொதல்ல உங்க எம்பி யாருன்னு சரியாத் தெரிஞ்சுக்கங்க, சிரிக்காதீங்க, டெல்டாவுல இது பெரிய குழப்பம். கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம், ஆனா எம்பி தொகுதி மயிலாடுதுறை. மன்னார்குடி திருவாரூர் மாவட்டம், ஓட்டு விழுறது தஞ்சாவூர் தொகுதிக்கு. திருவாரூர், நன்னிலம், திருத்துறைப்பூண்டி மூணும் நாகப்பட்டினம் தொகுதி. எங்க மாமா ஒருத்தர் கும்பகோணத்துல உக்காந்துகிட்டு ரெண்டு தேர்தலா தஞ்சாவூர் எம்பியத் திட்டிகிட்டு இருந்தாரு, பாவம் அந்த மனுஷன்.

அடுத்து பிஆர்எஸ்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, அவங்க சைட்ல எம்பி பேரைப் போட்டா வருகை எத்தனை சதவீதம், எத்தனை விவாதம், எத்தனை கேள்வி, தனிநபர் மசோதா (அமைச்சரா இல்லாத எம்பி கொண்டுவர்ற மசோதா) எத்தனைன்னு ஒரே பக்கத்துல வந்துரும். முக்காவாசி பேரு இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்ல போட்டுட்டு நிறுத்திருவாங்க. அங்க நிறுத்தாதீங்க. வருகைங்கிறது வந்ததாப் போட்ட பதிவு மட்டும்தான், பதிவு பண்ணிட்டு கிளம்பிப் போனாலும் வந்த கணக்குதான். அமைச்சர்களுக்கு அந்தப் பதிவே கெடையாது, அதனால அவங்களையும் பின்வரிசை எம்பியையும் ஒப்பிட்டு சண்டை போடாதீங்க.

விஷயம் இருக்கிறது கேள்வியிலதான். நாடாளுமன்றத்தோட சைட்டான சன்சத் டாட் இன் போயி லோக்சபா, அதுல கேள்விகள், உறுப்பினர் பேரைத் தேர்ந்தெடுங்க. ரெண்டு வகை இருக்கும். நட்சத்திரக் கேள்வின்னா அமைச்சர் எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் கேக்கலாம், ஒரு நாளைக்கு 20தான், குலுக்கல்ல வரணும், அந்த 20லயும் ஒருசிலதுக்குத்தான் நேரம் கெடைக்கும். நட்சத்திரம் இல்லாதது நாளைக்கு 230 வரைக்கும், பதில் எழுத்துலதான். எண்ணிக்கையைப் பாத்து ஏமாறாதீங்க, ஒரே கேள்விக்கு மேல ஏழெட்டு எம்பி பேரு சேர்த்துப் போட்டிருக்கும், எல்லார் கணக்குலயும் ஒண்ணு ஏறிரும். ஒரு பத்து பிடிஎஃபை தெறந்து படிங்க, இங்கிலீஷ்ல இருந்தா ஃபோன்லயே மொழிபெயர்க்கலாம். கேள்வியில நம்ம ஊரு பேரு, பயிரு பேரு, தொகை, வருஷம் இருக்கா, இல்ல நாட்டுல எந்த ஊருக்கும் பொருந்துற மாதிரி பொத்தாம்பொதுவா இருக்கான்னு பாத்தாலே ஆளு யாருன்னு பாதி புரிஞ்சுரும்.

தேடும்போது எந்த அமைச்சகம்னு தெரியலேன்னா கெடைக்காது, நான் மொதல்ல வேளாண்மைத் துறையில தேடி ஏமாந்தேன். நெல் ஈரப்பதமும் கொள்முதலும் உணவுத் துறை, அந்த 17ஐத் தளர்த்துற அதிகாரம் அங்கதான் இருக்கு. காவிரித் தண்ணி, மேலாண்மை ஆணையம் ஜல்சக்தி. ஹைட்ரோகார்பன் பெட்ரோலியம். பயிர்க் காப்பீடுதான் வேளாண்மை. இலங்கை நேவி புடிச்சிட்டுப் போன நாகப்பட்டினம் மீனவங்க விஷயம் வெளியுறவுத் துறை. 2023 மார்ச் கடைசியில தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி பக்கம் நிலக்கரி எடுக்கப் போறோம்னு ஏலப் பட்டியல் வந்து ஏப்ரல்ல ஊரே கொந்தளிச்சுதே, அது நிலக்கரி அமைச்சகம். இன்னொண்ணு, காவேரிய அவங்க சி போட்டு யூ, வி வர்ற பழைய ஸ்பெல்லிங்லதான் எழுதுவாங்க, கே போட்டுத் தேடினா நிறைய விட்டுப்போகும்.

பதில்ல "தகவல் திரட்டப்படுகிறது"ன்னு வந்தா அத குறிச்சு வைங்க. அது அரசு கொடுத்த உறுதிமொழி மாதிரி, மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், அதப் பாக்கவே தனிக் கமிட்டி இருக்கு. நம்ம எம்பி அதுக்கப்பறம் அதே விஷயத்தத் திரும்பக் கேட்டாரா? கேக்குறவர் கம்மி.

இப்ப ஓட்டுக்கு வருவோம், எல்லாரும் ஏமாறுற எடம். எம்பி எந்தெந்தச் சட்டத்துக்கு எப்பிடி ஓட்டுப் போட்டாருன்னு ஒரு லிஸ்ட் இருக்கும்னு நெனைச்சுதான் நானும் போனேன், பெரும்பாலும் இருக்காது. ஆமாங்கிறவங்க ஆமாம்னு கத்தணும், இல்லைங்கிறவங்க இல்லைன்னு கத்தணும், சத்தத்தக் கேட்டு நிறைவேறிச்சுன்னு சபாநாயகர் சொல்லிருவாரு, குரல் வாக்கெடுப்புன்னு பேரு. யாரு என்ன கத்துனாங்கன்னு எங்கயும் பதிவு ஆகாது. 2020 செப்டம்பர் 20ம் தேதி ராஜ்யசபாவுல வேளாண் சட்டம் ரெண்டும் அப்பிடித்தான் போச்சு, பேரு பதிவாகுற மாதிரி ஓட்டு எடுங்கன்னு எதிர்க்கட்சி கேட்டும் எடுக்கல. நம்ம விவசாயத்தப் பத்தின சட்டம், ஆனா யாரு எந்தப் பக்கம்னு தனித்தனியா காட்ட ஒரு லிஸ்ட் கெடையாது. 2021 நவம்பர் 29 வாபஸ் வாங்கினப்பவும் குரல் ஓட்டுதான், விவாதம்கூட இல்ல.

டிவிஷன்னு ஒண்ணு நடந்தாத்தான் பேரு வரும். அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் கட்டாயம் நடக்கும், பெண்கள் இடஒதுக்கீடு 2023 செப்டம்பர்ல லோக்சபாவுல 454க்கு 2. குடியுரிமைத் திருத்தம் 2019 டிசம்பர்ல ராஜ்யசபாவுல 125க்கு 105, வக்ஃப் 2025 ஏப்ரல்ல லோக்சபாவுல 288க்கு 232. அந்தந்த நாளோட விவாதப் பதிவுல பேரு இருக்கும். இதுலயும் ஒரு சூட்சுமம், 1985ல வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கட்சி கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டா பதவியே போகலாம், வராம இருந்தாலும் சிக்கல்தான். அதனால அந்த ஓட்டு அவரோட மனசுன்னு எடுத்துக்காதீங்க, கட்சியோட ஓட்டு. ஆளோட கணக்கு கேள்வியிலயும், அவசர விஷயத்த எழுப்புற ஜீரோ ஹவர்லயும், தொகுதிப் பிரச்சினைய எழுப்ப வழி குடுக்குற விதி 377லயும்தான் இருக்கு, அங்க யாரும் கொறடா உத்தரவு போடுறதில்ல.

தனிநபர் மசோதாவை ரொம்பப் பெருசா எடுக்காதீங்க, சுதந்திரத்துக்கு அப்பறம் 14தான் சட்டமாச்சு, கடைசியா 1970ல. பேச்சைப் பாக்கணும்னா கட்சிக்காரங்க போடுற முப்பது செகண்ட் வீடியோ வேணாம், சன்சத் டிவியில முழுசா பாருங்க. தொகுதி நிதியில கட்டுன பஸ் நிழற்குடையும் ஹைமாஸ் லைட்டும் வேற கணக்கு, வருஷத்துக்கு 5 கோடி, அதுல சபை வேலை எதுவும் இல்ல.

பாத்து முடிச்சதும் கேள்வி நம்பரையும் தேதியையும் ஒரு சீட்டுல எழுதிக்கிட்டு எம்பி ஆபீஸ்ல குடுத்து, "இதுக்கு வந்த பதில்ல இந்த எடம் மழுப்பலா இருக்கு, திரும்பக் கேளுங்க"ன்னு சொல்லுங்க. கேள்வி நோட்டீஸ் பதினஞ்சு நாளுக்கு முன்னாடியே போகணும், அதனால கூட்டத்தொடர் தேதி பேப்பர்ல வந்த அன்னைக்கே போயிருங்க, நெல்லு களத்துல கொட்டுனப்பறம் போனா அந்த சீசனுக்கு ஆகாது.