தனியார் உளவளத்துணைக்குப் போகும் முன்

முதலில் உளவளத்துணையாளருடன் (கவுன்சிலருடன்) போனில் பேசுங்கள். என்ன படித்தவர், தமிழில் சரளமாகப் பேசுவாரா, ஒரு அமர்வுக்கு எவ்வளவு, வர முடியாமற்போனால் காசு கட்ட வேண்டுமா என்று நேராகவே கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. உளவளத்துணையாளர் மருந்து எழுத மாட்டார். அது மனநல வைத்தியரின் வேலை. ஏற்கெனவே குளிசை எடுப்பவர் தானாக நிறுத்தாமல், மருந்துத் துண்டைக் கையோடு கொண்டுபோகவேண்டும்.

அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறினால் அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போய்விடும் என்பதால் பலர் வாட்ஸ்அப் அழைப்பையே விரும்புகிறார்கள். சிக்கல் அங்கேதான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருமினாலே பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். யாரோ கேட்கிறார்கள் என்ற பயத்தில் முக்கியமான பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். வீட்டார் மலைக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரத்தையோ, சிக்னல் கிடைக்கும் ஒதுக்கிடத்தையோ முன்கூட்டியே பார்த்துவையுங்கள். இயர்போன் கட்டாயம்.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தென்றால் அவர் மற்றவர்களுக்கு அறிவிக்க நேரலாம். அதை முதல் நாளே விளக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு தடவை போயும் மனம் ஒட்டவில்லையா, ஆளை மாற்றுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டாம். உடனே தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.