விமானத் தூரமும் பயண நேரமும்: கணக்கு எங்கே உதைக்கிறது?

டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அதே நாள் காலை 11 மணிக்குப் போய்ச் சேரும். டிக்கெட்டைப் பார்த்தால், ஏறுவதற்கு முன்பே இறங்கிவிட்டது போலிருக்கும். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். அதை மறந்து ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. முதலில் இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவாருங்கள். கோடையில் லாஸ் ஏஞ்சலிஸ் டோக்கியோவுக்கு 16 மணி நேரம் பின்னால் இருக்கிறது. டோக்கியோவில் மாலை 5 என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி 1 மணி. அதிலிருந்து காலை 11 வரை 10 மணி நேரம். அவ்வளவுதான் பயணம். குளிர்காலத்தில் அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பிவைக்கும், ஜப்பான் தொடாது. இடைவெளி 17 ஆகிவிடும். ஜூலையில் போட்ட கணக்கை டிசம்பருக்கும் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் உதைக்கும்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துத் தூரம் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு பூமி உருண்டையில் லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கிரீன்லாந்து மேல் போகும். தட்டை வரைபடத்தில் வளைவாகத் தெரிகிற அதுதான் குறுக்குவழி.

சரி, தூரம் சரியாகவே கிடைத்துவிட்டது. அதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துவிடலாமா? கூடாது. அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. காற்று வேறு இருக்கிறது. லண்டன் – நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. மேற்கே போக ஏறத்தாழ 8 மணி நேரம், திரும்பி வர 7. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று ஒரு பக்கம் தடுக்கிறது, மறுபக்கம் தள்ளிவிடுகிறது. போக வர ஒரே நேரம்தான் என்று நினைப்பது பேருந்துக் கணக்கு.

வானில் எல்லா வழியும் திறந்திருக்கும் என்று நம்புவது இன்னொன்று. ஹெல்சின்கி – டோக்கியோ நேர்த்தூரம் சுமார் 7,800 கி.மீ. ஒன்பதரை மணி நேரத்தில் போன அந்தப் பயணம், 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் 13 மணி நேரமானது. தூரம் காட்டும் தளங்கள் இன்றும் அதே 7,800ஐத்தான் காட்டும்.

அலகையும் கவனியுங்கள். சிங்கப்பூர் – நியூயார்க் 15,300 கி.மீ. என்பார் ஒருவர், 9,500 மைல் என்பார் இன்னொருவர், 8,300 கடல் மைல் என்பார் விமானி. மூன்றும் ஒன்றேதான். ஊர்ப் பெயரும் காலை வாரும்: சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் உண்டு, கோஸ்டாரிகாவிலும் உண்டு. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். எஸ்ஜேசி அமெரிக்கா, எஸ்ஜேஓ கோஸ்டாரிகா.

எங்காவது நேர்த்தூரம் 21,000 கி.மீ. என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், தப்பு. பூமியின் சுற்றளவே 40,000 கி.மீ. சொச்சம்தான்; எந்த இரண்டு ஊருக்கும் நேர்த்தூரம் அதில் பாதியைத் தாண்டாது.